சந்தா கட்டினால் மட்டும் போதுமா? தொழிற்சங்கம் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது: இளம் தொழிலாளர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

தொழிற்சங்கம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குறைகள் மாறி மாறிக் கேட்கும். மூத்த தொழிலாளர்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சங்கத்தில் அக்கறையே இல்லை" என்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், "மாதாமாதம் சந்தா பிடிக்கிறார்கள், சங்கம் எனக்கு என்ன செய்தது?" என்று கேட்பார்கள். எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. சங்கம் என்பது எங்கோ தனியாக நடக்கும் ஓர் அலுவலகம், பணம் கட்டியவருக்கு அது சேவை செய்யும் என்ற எண்ணம்.

சங்கம் அப்படி இயங்குவதில்லை. அது எப்படி இயங்குகிறது என்று புரிந்துவிட்டால், 23 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஏன் முதல் வருடமே கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பதும் புரிந்துவிடும். சேவை மனப்பான்மைக்காகப் போகச் சொல்லவில்லை. போகாவிட்டால் அவருடைய சம்பளத்தை அவர் இல்லாத அறையில் வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

லிஃப்ட் ரிப்பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது. ஒரு வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனிக்கு ஃபோன் செய்தால் "பார்க்கிறோம்" என்று வைத்துவிடுவார்கள். அதே கம்பெனியிடம் குடியிருப்போர் சங்கம், "அடுத்த வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தை உங்களுக்குத் தருவதா வேண்டாமா என்று யோசிக்கிறோம்" என்று சொன்னால் ஆள் வந்துவிடும். கேட்டது அதே லிஃப்டைத்தான். கேட்பவருக்குப் பின்னால் எத்தனை வீடு இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த பாதியைத்தான் யாரும் பேசுவதில்லை. அந்தச் சங்கத்தில் பணம் குறைவு. லிஃப்டைச் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் தேங்கும் தண்ணீருக்கு வடிகால் போடலாம். இரண்டும் இந்த வருடம் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். நான்காம் மாடிக்காரர்கள் தூங்குகிறார்கள், அல்லது வெளியூரில் இருக்கிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தரைத்தளத்தினர். வடிகாலுக்குத் தீர்மானம் ஆகிறது. யாரும் சதி செய்யவில்லை. நான்காம் மாடியை யாரும் வெறுக்கவும் இல்லை. அவரவர் தினமும் காண்கிற தொல்லையை அவரவர் பேசினார்கள், அவ்வளவுதான். நான்காம் மாடிக்காரர்களும் பராமரிப்புப் பணம் கட்டியவர்கள்தான். ஆனால் முடிவு எடுத்தது பணம் அல்ல, அறையில் இருந்த தலைகள்.

தொழிற்சங்கத்திலும் இந்த இரண்டு பாதியும் உண்டு. வெளியே நிர்வாகத்தோடு நடக்கும் பேரம் ஒன்று. எதை முதலில் கேட்பது என்று சங்கத்துக்குள்ளேயே நடக்கும் தேர்வு இன்னொன்று. இளம் தொழிலாளர்கள் அதிகம் இழப்பது இரண்டாவதில்.

தனி ஆளுக்கு ஏன் பலம் இல்லை

ஐந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வேலையை விட்டால் நிறுவனம் ஐந்நூறில் ஒரு பங்கு உழைப்பை இழக்கிறது. அந்த ஒருவரோ தன் வருமானம் முழுவதையும் இழக்கிறார். நிறுவனத்தால் அடுத்த ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க முடியும். அவரால் அடுத்த மாத வாடகைவரைக்கும்தான் காத்திருக்க முடியும். அதனால், "எல்லாரும் அவரவர் திறமைக்கு ஏற்ப நேரடியாகப் பேசிக்கொள்ளலாமே" என்பது காகிதத்தில் நியாயமாகத் தெரிந்தாலும் நடைமுறையில் ஒரு தரப்புக்கே சாதகம். அபூர்வமான திறமை உள்ள சிலருக்கு அது சரிப்பட்டு வரலாம். புதிதாக வந்தவருக்கு, அதுவும் பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு, பேசிப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஐந்நூறு பேரும் சேர்ந்து, தங்கள் பிரதிநிதிகள் மூலம் சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு பற்றிப் பேசி எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போடுவதற்குக் கூட்டுப் பேரம் என்று பெயர். சங்கத்தின் மற்ற எல்லா வேலைகளும் இதைச் சுற்றித்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1948இல் 87ஆவது உடன்படிக்கையில் சங்கம் அமைக்கும் உரிமையையும், 1949இல் 98ஆவது உடன்படிக்கையில் கூட்டுப் பேர உரிமையையும் வகுத்தது. இந்த இரண்டையும் அமெரிக்காவும் இந்தியாவும் இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. இரண்டு நாடுகளிலும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவே சங்கங்கள் போராட வேண்டிய நிலை தொடர்கிறது. 2024 செப்டம்பரில் சென்னைக்கு அருகே உள்ள சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதே அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. சங்கம் பதிவானது அடுத்த ஆண்டு ஜனவரியில்.

பேச்சுவார்த்தை அறையில் நடப்பது

பேச்சுவார்த்தை என்றால் நன்றாகப் பேசத் தெரிந்த தலைவர் உள்ளே போய் வாதாடி வாங்கிக்கொண்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் உறுப்பினர்களிடம் கேட்டுக் கோரிக்கைப் பட்டியல் தயாராகிறது. பொதுக்குழு அதை ஏற்கிறது. பேச்சுவார்த்தைக் குழு ஒன்று அமைகிறது. நிர்வாகத்தோடு பல சுற்று பேச்சு நடக்கிறது, சில கோரிக்கைகள் விழுகின்றன, சில நிற்கின்றன. கடைசியில் கையெழுத்து. ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குச் செல்லும். பல சங்கங்களில் கையெழுத்துக்கு முன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பும் உண்டு.

இந்த நாட்களில் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர்கள் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. எண்ணிக்கொண்டும் இருக்கிறார்கள். வாயிற்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? கோரிக்கைப் படிவத்தில் எத்தனை கையெழுத்து? கறுப்பு பேட்ஜ் அணியச் சொன்னால் எந்தப் பிரிவில் அணிந்தார்கள், எந்தப் பிரிவில் அணியவில்லை? எண்ணூறு உறுப்பினர் கொண்ட சங்கத்தின் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தால், மேசையில் உட்கார்ந்திருப்பது அறுபது பேரின் சங்கம்தான். தலைவரின் குரல் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வேலைநிறுத்தமும் இங்கேதான் வருகிறது. சங்கம் என்றாலே ஸ்டிரைக் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் வேலைநிறுத்தம் இல்லாமலே கையெழுத்தாகின்றன. அது கடைசி ஆயுதம். தொழிலாளிக்கும் அதில் சம்பள இழப்பு உண்டு, அதனால் யாரும் ஆசையாக அதற்குப் போவதில்லை. ஆனால் தேவைப்பட்டால் இவர்கள் சேர்ந்து நிற்பார்கள் என்ற நம்பகம் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை வெறும் விண்ணப்பமாகிவிடும். அந்த நம்பகத்தைத் தலைமையால் உருவாக்க முடியாது. சாதாரண நாட்களில் உறுப்பினர்கள் காட்டும் ஈடுபாட்டிலிருந்து மட்டுமே அது வரும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தனி ஆளுக்குப் பேரம் பேசும் பலம் இல்லாததால் கூட்டுப் பேரம். அதன் பலம் உறுப்பினர் பட்டியலின் நீளத்தில் இல்லை, எத்தனை பேர் கூப்பிட்டால் வருவார்கள் என்பதில் இருக்கிறது.

எதை முதலில் கேட்பது

சரி, இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் திரும்புவோம்.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நிர்வாகம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் எதற்கு எவ்வளவு என்பதைச் சங்கம்தான் முன்னுரிமைப்படுத்துகிறது. ஓய்வூதியப் பலனை உயர்த்துவதா, தொடக்கச் சம்பளத்தை உயர்த்துவதா? பணிமூப்புக்குத் தரும் படியை அதிகரிப்பதா, பயிற்சிக் காலத்தைக் குறைத்துப் புதியவர்களை நிரந்தரமாக்குவதா? குழந்தைகள் காப்பகமா, மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பதா? எல்லாமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தத்தில் இடமில்லை.

குழுவில் உள்ளவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் ஓய்வுக்காலக் கோரிக்கைகள் முன்னால் வருவது இயல்பு. அவர்களுக்கு அந்தக் கவலை உண்மையானது, முப்பது வருடம் உழைத்தவர்களுக்கு அது உரிமையும்கூட. அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுவது நியாயமில்லை. வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கி, நிரந்தரமாவோமா என்று தெரியாமல் இரவு ஷிப்ட் பார்க்கிறவரின் கவலையைச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. குறை அங்கேதான்.

ஏன் ஆள் இல்லை? வேலையில் பிடிக்காத ஒன்று நடந்தால் மனிதருக்கு இரண்டு வழி. ஒன்று வெளியேறுவது, மற்றொன்று இருந்துகொண்டே குரல் கொடுப்பது. இளம் வயதில் வெளியேறுவது சுலபம். குடும்பப் பொறுப்பு குறைவு, வேறு வேலை தேடும் தெம்பு அதிகம். அதனால் புதியவர்கள் முணுமுணுத்துவிட்டு விலகுகிறார்கள். விலக முடியாத மூத்தவர்கள் குரலைக் கையில் எடுக்கிறார்கள். சங்கம் காலப்போக்கில் இருப்பவர்களின் சாயலைப் பெறுகிறது. அடுத்துச் சேரும் இளைஞர் அந்தச் சாயலைப் பார்த்து, "இது எனக்கானது இல்லை" என்று ஒதுங்குகிறார். இந்தச் சுழல் தானாக நிற்காது.

இரட்டை அடுக்கு ஊதியம்: இல்லாதவர்கள் தலையில் விழுந்த வெட்டு

இந்தச் சுழலின் மிக மோசமான விளைவுக்கு இரட்டை அடுக்கு ஊதியம் என்று பெயர். ஒரே வேலை, ஒரே இயந்திரம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பின் சேர்ந்தவருக்கு நிரந்தரமாகவே குறைந்த சம்பள விகிதம். அனுபவம் கூடக்கூடச் சம்பளம் கூடுவது வேறு, இது வேறு. இங்கே எத்தனை வருடம் போனாலும் இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கைத் தொடுவதில்லை.

இது எப்படி ஒப்பந்தத்துக்குள் வருகிறது என்று பாருங்கள். நிறுவனம் நெருக்கடியில் இருக்கிறது, செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்கிறது. சங்கத்துக்கு முன் இரண்டு கதவு. இப்போது இருக்கும் உறுப்பினர்களின் சம்பளத்தை வெட்ட ஒப்புக்கொள்ளலாம். இல்லாவிட்டால், "இருப்பவர்களைத் தொடாதீர்கள், இனி வருபவர்களுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். முதல் கதவைத் திறந்தால் அடுத்த சங்கத் தேர்தலில் தோல்வி நிச்சயம். இரண்டாவதால் பாதிக்கப்படுபவர்கள் இன்னும் வேலைக்கே சேரவில்லை, அவர்களுக்கு வாக்கு இல்லை. எந்தக் கதவு திறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் வாகனத் தொழிலாளர் சங்கமும் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களும் 2007இல் போட்ட ஒப்பந்தங்கள் இதற்குத் தெளிவான உதாரணம். பழைய தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 28 டாலர், புதிதாக எடுக்கப்படும் பலருக்குச் சுமார் 14 டாலர் என்ற நிலை வந்தது. பாதி. நிறுவனங்கள் திவால் விளிம்பில் இருந்த காலம் அது என்பது உண்மைதான். ஆனால் அவை லாபத்துக்குத் திரும்பிய பின்னும் அடுக்குகள் உடனே போய்விடவில்லை. 2015 ஒப்பந்தம் புதியவர்கள் உச்சச் சம்பளத்தை அடைய வழி வைத்தது, ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் ஆகும்.

இதில் பழைய தொழிலாளர்களுக்காவது நன்மையா? கொஞ்ச காலத்துக்கு மட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் வருடத்துக்கு ஐந்து பேர் ஓய்வு பெற்று, ஐந்து பேர் இரண்டாம் அடுக்கில் சேர்ந்தால், பத்து வருடத்தில் பாதிப் பேர் இரண்டாம் அடுக்கு. இப்போது நிர்வாகத்துக்கு ஒவ்வொரு மூத்த தொழிலாளியும் அதிகச் செலவு. அவர் எவ்வளவு சீக்கிரம் வெளியே போகிறாரோ அவ்வளவு லாபம். மூத்தவர்களுக்குச் சம்பள உயர்வு கேட்டால், "இதே வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்ய ஆள் இருக்கிறார்களே" என்று பதில் வரும். வேலைநிறுத்தம் என்று வந்தால், தங்களை விட்டுக்கொடுத்த சங்கத்துக்காக இளையவர்கள் ஏன் சம்பளத்தை இழக்க வேண்டும்? புதியவரின் தலையில் விழுந்த வெட்டு பத்தே வருடத்தில் பழையவரின் காலடியை அறுக்கிறது. சங்கத்தில் இளைஞர்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட உறுதியான காரணம் எனக்குத் தெரியாது. அவர்கள் இல்லாத சங்கம் இருப்பவர்களையும் நெடுநாள் காப்பாற்றாது.

அந்தக் கதை எப்படித் திரும்பியது என்பதும் முக்கியம். தலைமையில் ஊழல் வழக்குகள் வந்த பின், 2021இல் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் தலைவரை நேரடி வாக்கில் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற வாக்களித்தார்கள். அதன்படி நடந்த முதல் தேர்தலில், 2023 மார்ச்சில், அடுக்குகளை ஒழிப்பேன் என்ற ஷான் ஃபெயின் 483 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதிவான வாக்குகள் சுமார் 1.4 லட்சம். வாக்குச்சீட்டு அனுப்பப்பட்டதோ, ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து, சுமார் 10 லட்சம் பேருக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மூன்று நிறுவனங்களிலும் தேர்ந்தெடுத்த ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் ஆறு வாரத்துக்குப் பின் வந்த ஒப்பந்தங்களில் ஒப்பந்த காலத்துக்குள் 25 சதவீத உயர்வு, உச்சச் சம்பளத்தை அடைய எட்டுக்குப் பதில் மூன்றே ஆண்டுகள், பெரும்பாலான அடுக்குகளுக்கு முடிவு என்று கிடைத்தது. வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த 483ஐ மறந்துவிடாதீர்கள். "என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது" என்று சீட்டை மேசையில் போட்டுவிட்டுப் போனவர்கள் அதைப் போலப் பல மடங்கு.

சுருக்கமாக: சங்கத்துக்குள் எது முன்னுரிமை என்பதை வந்திருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். இளையவர்கள் வராதபோது வெட்டு அவர்கள் பக்கம் விழுகிறது. அந்த வெட்டு பின்னால் எல்லாரையும் பலவீனமாக்குகிறது.

"இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை" என்பது சரியா?

எண்கள் முதலில் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவில் 2022இல் 45 முதல் 54 வயதுக்காரர்களில் 12.6 சதவீதம் பேர் சங்க உறுப்பினர்கள். 16 முதல் 24 வயதில் 4.4 சதவீதம்தான். ஆனால் இதை ஆர்வத்தின் அளவு என்று படித்தால் தவறு. இளம் வயதினர் அதிகம் வேலை செய்வது கடைகளில், உணவகங்களில், கிடங்குகளில், டெலிவரியில், ஒப்பந்த முறையில். அங்கெல்லாம் பெரும்பாலும் சேருவதற்குச் சங்கமே இல்லை.

வாய்ப்பு கிடைத்த இடத்தில் என்ன நடந்தது? 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையின் ஊழியர்கள் 19க்கு 8 என்ற வாக்கில் சங்கம் அமைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பரவியது. முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 2022 ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள அமேசான் கிடங்கில் 2,654க்கு 2,131 என்ற வாக்கில் புதிய சங்கம் வென்றது. வெற்றி வாக்கு கிடைத்தாலே ஒப்பந்தம் வந்துவிடாது என்பதையும் இந்த இரண்டு இடங்களும் காட்டின. முதல் ஒப்பந்தத்துக்கான போராட்டம் வாக்கெடுப்பைவிட நீளமானது.

பின்னோக்கிப் பார்த்தாலும் இதே கதைதான். 1888இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,400 பேரில் பெரும்பாலோர் இளம் பெண்களும் சிறுமிகளும். கூலியிலிருந்து அபராதம் பிடிப்பதும், தாடை எலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸும் அவர்களின் அன்றாடம். அந்த நிலைமையை எழுதி வெளிப்படுத்தியவர் அன்னி பெசன்ட். சில வாரங்களில் அபராதமுறை ஒழிந்தது, சங்கமும் பிறந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1918 ஏப்ரல் 27 அன்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவரானவர் அதே அன்னி பெசன்டோடு பிரம்மஞான சபையில் பணியாற்றிய பி.பி.வாடியா. திரு.வி.க. துணைத் தலைவர். இடையில், 1909 நவம்பரில், நியூயார்க்கில் பெரியவர்கள் மேடையில் நீட்டி முழக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் 23 வயது தையல் தொழிலாளி கிளாரா லெம்லிச் எழுந்து, பேச்சு போதும், பொது வேலைநிறுத்தத்தை முன்மொழிகிறேன் என்றார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறங்கினார்கள். அவர்களும் பெரும்பாலும் இளம் பெண்கள்தான்.

"நான் சேராமலேயே பலன் வருகிறதே"

இது நேர்மையான கேள்வி, மழுப்பக் கூடாது. பல இடங்களில் ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவருக்கும் பொருந்தும். சம்பள உயர்வு எல்லாருக்கும் வரும். அப்படியானால் சந்தாவும் நேரமும் ஏன் செலவழிக்க வேண்டும்? செலவில் பங்கெடுக்காமல் பலனில் மட்டும் பங்கெடுப்பதைப் பொருளாதாரத்தில் இலவசப் பயணிச் சிக்கல் என்பார்கள். ஒருவர் அப்படி இருந்தால் எதுவும் ஆகாது. எல்லாரும் அப்படி நினைத்தால் ஒப்பந்தமே இருக்காது.

இந்த வாதத்தை நான் ஒழுக்கப் பாடமாக வைக்க விரும்பவில்லை. சேராமல் வரும் பலன் பொதுப் பலன் மட்டுமே. உங்கள் பிரிவின் காற்றோட்டம், உங்கள் ஷிப்ட் முறை, உங்கள் பயிற்சிக் காலம் போன்ற உங்களுக்கே உரிய தேவைகள் பட்டியலில் ஏறாது. மற்றவர் ஓட்டும் வண்டியில் அவர் போகிற ஊருக்குத்தான் போக முடியும்.

எங்கிருந்து தொடங்குவது

கொடி பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டாம். படிப்பதிலிருந்து தொடங்குங்கள். இப்போது நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆச்சரியமான அளவுக்குப் பலர் அதைப் பார்த்ததே இல்லை. அது எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கோரிக்கைப் பட்டியல் உருவாகத் தொடங்கிவிடும். உங்கள் குரல் அதிகம் எடுபடும் காலம் அதுதான். கையெழுத்தான பின் கோபப்படுவதில் பயன் குறைவு.

அடுத்தது சங்கத்தின் விதிமுறைகள். பொதுக்குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, தேர்தல் எப்போது, போட்டியிட என்ன தகுதி, குறைவெண் எவ்வளவு என்று பாருங்கள். குறைவெண் என்பது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. அது சிறியதாக இருந்தால் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக வந்தாலே ஒரு தீர்மானத்தின் போக்கை மாற்ற முடியும். இளையவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே "எல்லாம் அவர்கள் கையில்" என்று விலகிப் போவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

அப்புறம் பக்கத்தில் வேலை செய்பவரிடம் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் போடுவது எளிது, அதனால் ஆகும் பலனும் அவ்வளவுதான். தேநீர் இடைவேளையில் ஒருவரிடம், "இந்த வேலையில் ஒன்றை மாற்ற முடியும் என்றால் எதை மாற்றுவாய்?" என்று கேட்டுவிட்டு அவர் பேசுவதைக் கேட்பது கடினமான வேலை, ஆனால் சங்கம் கட்டப்படுவது அப்படித்தான். ஐந்தாறு பேரிடம் கேட்டால் பொதுவான ஒரு தொல்லை கிடைக்கும். அது சிறியதாக இருக்கட்டும். ஓவர்டைம் பட்டியல் கடைசி நேரத்தில் ஒட்டப்படுகிறது, கையுறை சரியான அளவில் வருவதில்லை என்பது போல. அதை எழுதி, கையெழுத்து வாங்கி, கிளைச் செயலாளரிடம் சேர்ந்து போய்க் கொடுங்கள். வென்ற ஒரு சிறிய விஷயம் பத்து உரைகளைவிட அதிகம் பேரை அழைத்து வரும். அதற்குப் பின் பிரிவுப் பிரதிநிதித் தேர்தலில் உங்களில் ஒருவர் நிற்பது இயல்பாக நடக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சித் தொழிலாளி என்றால் விஷயம் சிக்கலாகும். சில சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளர்களை மட்டுமே சேர்க்கின்றன. அது பெரும் தவறு என்பது என் கருத்து, காரணம் மேலே இரட்டை அடுக்கில் சொன்னதுதான். அங்கே உள்ளவர்கள் விதியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை அந்தத் தொழிலில் உள்ள பொதுச் சங்கத்தை அணுகலாம்.

பயம் நியாயமானதுதான்

"முன்னால் நின்றால் குறிவைப்பார்கள்" என்ற பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. 1920களின் தொடக்கத்தில் சென்னையில் துணி ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம், சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் வாடியா மீதே வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் வாங்கியது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. பதிவு பெற்ற சங்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு 1926 தொழிற்சங்கச் சட்டத்தில்தான் வந்தது. இன்று சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவதைப் பல நாடுகளின் சட்டங்கள் தடை செய்கின்றன, 98ஆவது உடன்படிக்கையின் முதல் பிரிவே அதைத்தான் சொல்கிறது. சட்டம் இருந்தும் மெமோ, இடமாற்றம், பயிற்சிக் காலம் முடிந்ததும் கழற்றிவிடுதல் என்று நடக்கத்தான் செய்கிறது.

அதனால் தனியாக முன்னால் போகாதீர்கள். முதல் மனுவில் ஒரு பெயர் இருந்தால் அது இலக்கு, முப்பது பெயர் இருந்தால் அது ஒரு பிரிவு. தேதியோடு குறித்து வையுங்கள். கொடுத்த கடிதத்துக்கு நகல் வைத்திருங்கள். எச்சரிக்கை வந்தால் அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். பதில் எழுதுவதற்கு முன், கட்டாயமாக. வேலையில் நேரம் தவறாமை, தரம் இவற்றில் குறை சொல்ல இடம் கொடுக்காமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு.

மூத்தவர்களுக்கு

இளையவர் வரவில்லை என்று வருந்தும் நிர்வாகிகள் முதலில் கூட்ட அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். கூட்டம் எந்த நேரத்தில்? அந்த நேரத்தில் எந்த ஷிப்ட் ஓடுகிறது, அதில் யார் இருக்கிறார்கள்? கூட்டத்தின் முதல் முக்கால் மணி நேரம் வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் போகிறதா? முதல்முறை வந்த ஒருவர் கேள்வி கேட்டபோது, "உனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி" என்று யாராவது சொன்னார்களா? அப்படி ஒருமுறை கேட்டவர் இரண்டாம் முறை வரமாட்டார், கூடவே நண்பர்களிடமும் சொல்லிவிடுவார்.

இளைஞர் அணி என்று ஒன்றைத் தனியாகத் தொடங்கி, மே தினப் பேரணிக்குப் பதாகை கட்டும் வேலையை அதற்குக் கொடுப்பது போதாது. பேச்சுவார்த்தைக் குழுவில் இடம் கொடுங்கள், ஒரு பார்வையாளராகவாவது. ஒரு சுற்றுப் பேச்சை நேரில் பார்த்த 25 வயதுக்காரர், நிர்வாகம் எப்படிப் பேசுகிறது, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை எந்த வகுப்பைவிடவும் நன்றாகக் கற்றுக்கொள்வார். பயிற்சித் தொழிலாளருக்குச் சந்தாவைக் குறையுங்கள். கணக்கை எல்லாரும் படிக்கும்படி ஒட்டுங்கள், சந்தா எங்கே போகிறது என்ற சந்தேகத்துக்கு வேறு மருந்து கிடையாது. பதவிக் காலத்துக்கு எல்லை வைக்க விதியில் இடமிருந்தால், அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள். வழிமொழிய ஓர் இளைய உறுப்பினரை இப்போதே கேட்டு வையுங்கள்.